காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம்

இரவு ஒன்பது மணி. திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றின் ஃபினிஷிங் ஹாலில் 50,000 டி-சர்ட்டுகள் மேஜை மேஜையாகக் குவிந்து கிடக்கின்றன. தையல் முடிந்தது, செக்கிங் முடிந்தது, அயர்ன் போட்டு மடித்தும் ஆயிற்று. டெய்லர்கள் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக் கொடுத்துவிட்டார்கள். அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கிவிட்டன. கன்டெய்னர் புக் ஆகிவிட்டது. வராதது ஒன்றே ஒன்று: பாலிபேக்கின் மேல் ஒட்ட வேண்டிய பார்கோடு ஸ்டிக்கர். ஒன்று ஒரு ரூபாய்கூடப் பெறாது. ஆனால் அதைக் கண்ட இடத்தில் அடித்துக்கொள்ள முடியாது. ஆர்டர் கொடுத்த பையர் கைகாட்டிய அச்சகத்திடம்தான் வாங்க வேண்டும். அச்சகத்துக்கு விலை விவரக் கோப்பு பையரின் அலுவலகத்திலிருந்து வர வேண்டும். அதை அனுப்ப வேண்டியவர் ஈஸ்டர் விடுமுறையில் இருக்கிறார்.

புரொடக்‌ஷன் மேனேஜர் ஹாலின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இருபது வருடத் தொழில். ஓவர்லாக் மெஷின் நின்றால் என்ன செய்வது, தீபாவளி முடிந்து டெய்லர்கள் திரும்பாவிட்டால் என்ன செய்வது, உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் சிக்கினால் என்ன செய்வது, எல்லாம் அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஐரோப்பாவில் யாரோ ஒருவர் லீவில் போனால் என்ன செய்வது என்று மட்டும் தெரியாது.

பொருளைச் செய்வது ஒரு வேலை. செய்வதற்கு வேண்டியதை வரவழைப்பதும், செய்ததை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேறு வேலை. புத்தகங்கள் விநியோகச் சங்கிலி என்றும் கம்பெனிகள் சப்ளை செயின் என்றும் சொல்வது இந்த இரண்டாவதை. முதல் வேலையில் கெட்டிக்காரர்களான பலர் இரண்டாவதில் தடுமாறுகிறார்கள். உள்ளே பலித்த பழக்கங்களை அப்படியே வெளியேயும் கொண்டுபோவதுதான் பெரும்பாலும் காரணம். அந்தப் பழக்கங்களில் எவை வெளியே செல்லாது, அவற்றுக்குப் பதில் என்ன செய்யலாம் என்பதைத் திருப்பூரை வைத்தே பார்ப்பது வசதி. ஏனென்றால் அந்த ஊரே ஒரு சப்ளை செயின்.

மெஷின்லதான் இருக்குதுங்க

தொழிற்சாலைக்குள் முதலாளிக்கு இரண்டு வசதிகள் உண்டு. கண்ணால் பார்க்கலாம், சொல்லிச் செய்ய வைக்கலாம். லைனின் தலைப்பில் ஒரு போர்டு தொங்கும். மணிக்கு எத்தனை பீஸ் என்று சூப்பர்வைசர் அதில் எழுதிக்கொண்டே வருவார். பதினோரு மணிக் கணக்கில் முப்பது பீஸ் குறைந்தால் பதினொன்றே காலுக்குள் காரணம் தெரிந்துவிடும். காலர் வைக்கும் இடத்தில் தேங்குகிறதென்றால் பக்கத்து லைனிலிருந்து இரண்டு டெய்லர்களை எடுத்துப் போடலாம். சாப்பாட்டு நேரத்துக்குள் சரியாகிவிடும்.

கேட்டைத் தாண்டியதும் இரண்டு வசதிகளும் போய்விடும். மிச்சம் இருப்பது செல்போன்.

"அண்ணா, நேவி புளூ லாட்டு என்னாச்சுங்ண்ணா?"

"மெஷின்லதான் இருக்குதுங்க. நாளைக்குக் காலைல காம்பாக்டிங் போயிருமுங்க."

"நேத்தும் இதேதானுங்களே சொன்னீங்க?"

"நேத்து பாய்லர்ல சின்ன வேலைங்க. நாளைக்குக் கண்டிப்பாங்க."

சாயப்பட்டறைக்காரரின் வாயில் 'மெஷினில் இருக்கிறது' என்பதற்குப் பல பொருள் உண்டு. துணி உண்மையிலேயே மெஷினுக்குள் சுழன்றுகொண்டிருக்கலாம். அடுத்த முறை ஏற்றுவதற்காக மெஷின் ஓரத்தில் வண்டியில் காத்திருக்கலாம். நிட்டிங்கிலிருந்து வந்த ரோல்களாகவே, கட்டுப் பிரிக்காமல், குடோன் மூலையில் கிடக்கவும் கிடக்கலாம். அவர் பொய்யர் இல்லை. அவருக்குப் பத்துப் பன்னிரண்டு பார்ட்டிகள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் லாட்டுதான் அவசரம் என்கிறார்கள். யார் ஒழுங்காகப் பணம் தருகிறார், யார் நேரில் வந்து உட்கார்கிறார் என்று பார்த்து அவர் தன் மெஷினை நிரப்புகிறார். அவருடைய பட்டறைக்குள் அதுதான் நல்ல நிர்வாகம். பனியன் கம்பெனியின் கணக்கில் அதற்குப் பெயர் தாமதம்.

உள்ளே அதட்டிப் பழகியவர்கள் முதலில் செய்வது இங்கேயும் அதட்டுவது. ஒரு தடவை பலிக்கும். அடுத்த தடவை போன் எடுக்கப்படாது. அதட்டலைவிடக் கேள்வியை மாற்றுவது பயன் தரும். 'எப்ப வரும்?' என்ற கேள்விக்கு எந்தப் பதிலையும் சொல்லிவிடலாம். 'எத்தனையாம் நம்பர் மெஷின், எத்தனை மணிக்கு ஏத்துனீங்க?' என்றால் அளந்துதான் சொல்ல முடியும். லாட் கார்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம். அதைவிடவும் நம்பகமானது பைக்கில் பட்டறை பட்டறையாகச் சுற்றும் ஃபாலோ-அப் பையன். லட்சங்கள் செலவழித்து டேஷ்போர்டு வாங்கும் கம்பெனிகளில்கூட, அந்தத் திரையில் தெரியும் தகவல் காலையில் அவன் கண்ணால் பார்த்து வந்து சொன்னதுதான். அவனுக்குப் பெட்ரோல் காசைக் குறைப்பது தவறான சிக்கனம்.

எட்டுப் பேரும் ஒரு தேதியும்

திருப்பூரின் பலமே வேலை பிரிந்து கிடப்பதுதான். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, லேபிள், பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆட்கள். தையலைக்கூட பவர் டேபிள்காரர்களிடம் ஜாப் ஒர்க்காகக் கொடுத்துவிடலாம். எல்லா மெஷினையும் சொந்தமாக வாங்கியாக வேண்டும் என்றிருந்தால் அந்த ஊரில் இத்தனை பேர் ஏற்றுமதியாளர்களாக ஆகியிருக்க முடியாது. சிறு முதலைப் போட்டுப் பெரிய ஆர்டர் எடுக்க அந்த ஏற்பாடு வழிசெய்தது. அதற்கான விலை தேதியில் தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. மேலே சொன்ன எட்டு இடங்களும் தனித்தனியாக நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை சொன்ன நாளில் தருகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். தொண்ணூற்றைந்து என்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் எட்டும் ஒரே ஆர்டரில் சொன்னபடி வர வேண்டும் என்றால் 0.95-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும். விடை 66 சதவீதம். மூன்றில் ஒரு ஆர்டரில் ஏதோ ஒன்று தாமதமாகும். ஒவ்வொருவரும் தொண்ணூறு என்று இறங்கினால் விடை 43. பாதிக்கு மேற்பட்ட ஆர்டர்கள் சிக்கலில். யாரும் தப்புச் செய்யாமலே இது நடக்கும். 'எல்லாரும் நல்ல ஆளுகதான், ஆனா எப்பவும் கடைசி வாரத்துல தீப்பிடிக்குது' என்று புலம்பும் முதலாளிகளுக்கு இந்தப் பெருக்கல்தான் பதில்.

இதற்கு மருந்து இடைவெளி விடுவது. ஏற்றுமதிக் கம்பெனிகளில் டி அண்ட் ஏ காலண்டர் என்று ஒன்று போடுவார்கள். எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற அட்டவணை. பலர் அதை ஆர்டர் கையெழுத்தான நாளிலிருந்து முன்னோக்கிப் போடுகிறார்கள். கப்பலின் கட்-ஆஃப் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போடுவதே சரி. அப்படி எண்ணும்போதுதான் துணி உள்ளே வர வேண்டிய நாள் அடுத்த வாரம் என்றும், கலருக்கு லேப் டிப் (சாய மாதிரித் துண்டு) அப்ரூவலே இன்னும் வரவில்லை என்றும் முதல் நாளே உறைக்கும்.

எவ்வளவு இடைவெளி என்பதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். இரண்டு சாயப்பட்டறைகளை எடுத்துக்கொள்ளலாம். முதல் பட்டறை ஐந்து லாட்டுகளுக்கு எடுத்துக்கொண்ட நாள்கள் 9, 10, 10, 10, 11. சராசரி 10. இரண்டாவது பட்டறைக்கு 5, 5, 6, 9, 15. சராசரி 8. ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் இரண்டாவதுதான் வேகம் என்பார். கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகவும் இருக்கலாம். ஆனால் காலண்டரில் எத்தனை நாள் எழுதுவது? முதலாவதுக்கு 11 எழுதினால் போதும். இரண்டாவதுக்கு 15 எழுதாவிட்டால் என்றாவது ஒரு ஆர்டர் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் போகும். வேகமான பட்டறை நான்கு நாள் மெதுவானதாக ஆகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வேண்டாம். ஒரு நீள நோட்டு, ஒவ்வொரு ஜாப் ஒர்க்காரருக்கும் ஒரு பக்கம், அதில் மூன்று பத்தி: சொன்ன நாள், வந்த நாள், காரணம். ஆறு மாதம் எழுதினால் போதும். மூன்றாவது பத்தியில் 'பாய்லர்' என்ற சொல் ஒரே பக்கத்தில் ஏழு தடவை வந்திருந்தால் பாய்லரைத் தவிர வேறு ஏதோ பழுது என்று அர்த்தம்.

மாற்று ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு

2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது என்ற விதியை நிறைவேற்றும்வரை திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. தையல் மெஷின்கள் நன்றாக இருந்தன. டெய்லர்கள் இருந்தார்கள். ஆர்டர் இருந்தது. வெள்ளைத் துணிக்குச் சாயம் ஏற்ற ஊரில் ஆள் இல்லை. துணி லாரி லாரியாக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போய்த் திரும்பியது. லாரி வாடகையும் நாள்களும் லாபத்தைத் தின்றன.

இதைத் திடீர் விபத்து என்று சொல்வதற்கில்லை. நொய்யல் ஆற்றின் நீர் பல ஆண்டுகளாக நிறம் மாறி ஓடிக்கொண்டிருந்தது. பாசனத்துக்காக அதன் குறுக்கே கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாகிப்போனது. விவசாயிகள் நீதிமன்றத்துக்கு நடந்துகொண்டே இருந்தார்கள். தையல் லைன் வைத்திருந்தவர்களில் பலர் அதைச் சாயப்பட்டறைக்காரர்களின் வழக்கு என்றே விட்டிருந்தார்கள். தன் காம்பவுண்டுக்குள் நடக்காததால் தன் பிரச்சினை ஆகாது என்பது உற்பத்தியாளரின் கண். அந்த வழக்கின் தேதிகள் டி அண்ட் ஏ காலண்டரில் இருந்திருக்க வேண்டும்.

பாடம் கற்றவர்கள் இரண்டாவது ஆளைத் தேடி வைத்துக்கொள்வார்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. தொழிற்சாலைக்குள் மூன்றாம் லைனின் வேலையை ஐந்தாம் லைனுக்கு மாற்றலாம், தையல் தையல்தான். சாயம் அப்படி இல்லை. ஒரே கலரைப் பாதி இங்கும் பாதி அங்கும் போட்டால் ஷேட் மாறும். உடம்புத் துணி ஒரு நேவி புளூ, காலர் ரிப் இன்னொரு நேவி புளூ என்று வரும். பையரின் லேப் டிப் அப்ரூவல் பழைய பட்டறையின் பெயரில் இருக்கும். ஆர்கானிக் காட்டன் என்றால் நூலிலிருந்து தையல் வரை ஒவ்வொரு கண்ணிக்கும் காட்ஸ் (GOTS) சான்றிதழ் இருந்தாக வேண்டும். இல்லாத பட்டறையில் ஒரு லாட் போட்டால் அந்த லாட் ஆர்கானிக் இல்லை. ஆகவே போன் நம்பர் மட்டும் கையில் இருக்கும் இரண்டாவது ஆள் நெருக்கடியில் உதவ மாட்டார். வேலை குறைவான மாதங்களில், கெடு அவசரம் இல்லாத ஒரு சின்ன ஆர்டரை அவரிடம் போட்டு, ஷேட் பார்த்து, அப்ரூவல் வாங்கி வைத்திருந்தால்தான் அவர் மாற்று ஆள். அந்தச் சின்ன ஆர்டரில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போனால் அதை இன்ஷூரன்ஸ் கணக்கில் எழுத வேண்டும்.

ஆளை மாற்றுவதையே ஒரே நாளில் செய்தால் என்ன ஆகும் என்று 2018 பிப்ரவரியில் பிரிட்டன் பார்த்தது. கேஎஃப்சி தன் கடைகளுக்குக் கோழி கொண்டுசேர்க்கும் வேலையைப் பழைய நிறுவனத்திடமிருந்து டிஎச்எல்லுக்கு மாற்றியது. ரக்பி என்ற ஊரில் இருந்த ஒரே கிடங்கை நம்பிய ஏற்பாடு. சில நாள்களில், ஏறத்தாழ 900 கடைகளில் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. அடுப்பு, எண்ணெய், சமையல்காரர், வாடிக்கையாளர், எல்லாம் இருந்தன. கோழிக்கடையில் கோழி இல்லை.

சிகரெட் பாக்கெட் அளவு வால்வு

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. தேய்ந்த கதைதான், ஆனால் திருப்பூர்க்காரர்கள் கேட்க வேண்டிய ஒரு துணுக்கு அதில் இருக்கிறது.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை அதிகாலை. ஜப்பானின் கரியா நகரில் ஐசின் நிறுவனத்தின் ஆலை தீப்பற்றி எரிந்தது. டொயோட்டா கார்களின் பின்சக்கர பிரேக்கில் பொருத்தும் ஒரு சிறிய வால்வு அங்கே தயாரானது. சிகரெட் பாக்கெட் அளவுதான். டொயோட்டாவுக்கு வேண்டிய வால்வில் அநேகமாக முழுவதும் அந்த ஒரே ஆலையிலிருந்து வந்தது. கையிருப்பு வைக்காமல் நேரத்துக்கு நேரம் வரவழைப்பதுதான் டொயோட்டாவின் புகழ்பெற்ற முறை. ஆகவே சில நாள்களுக்குள் ஜப்பானில் அதன் கார் ஆலைகள் ஏறக்குறைய முழுவதும் நின்றன.

அடுத்து நடந்ததுதான் விஷயம். ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் பட்டறைகளில் அந்த வால்வைக் கடைய உட்கார்ந்தன. அதில் ஒன்று பிரதர். திருப்பூரின் லைன்களில் வரிசையாக நிற்கிறதே, அதே தையல் மெஷின் கம்பெனி. கார் பாகம் எதையும் அதுவரை செய்திராத பிரதர், ஒரு மில்லிங் மெஷினை மாற்றியமைத்து நாளுக்குச் சில பத்து வால்வுகள் செய்து அனுப்பியது. விலை என்ன, யார் தருவார்கள் என்ற பேச்சை யாரும் முதலில் எடுக்கவில்லை. சுமார் ஒரு வாரத்தில் லைன்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பிறகு டொயோட்டா தன் நேரடி சப்ளையர்களுக்கு, அந்தக் காலாண்டில் அவர்கள் தன்னிடம் விற்ற தொகையில் ஒரு சதவீதத்தைக் கூடுதலாக வழங்கியது.

இந்தக் கதையைச் சொல்பவர்களில் பாதிப் பேர் 'ஸ்டாக் வை' என்று முடிக்கிறார்கள். மீதிப் பேர் 'உறவை வளர்' என்கிறார்கள். டொயோட்டா இரண்டையும் செய்தது; அதுவும் எல்லாப் பொருளுக்கும் ஒரே மாதிரி செய்யவில்லை. ஜப்பானின் 2011 மார்ச் பூகம்பத்துக்குப் பிறகு, கிடைக்க நெடுநாள் ஆகும் சிப் போன்ற பொருள்களுக்கு மட்டும் இரண்டு முதல் ஆறு மாதத் தேவையைச் சப்ளையர்களிடமே இருப்பு வைக்கச் சொன்னது. 2021 தொடக்கத்தில் சிப் பஞ்சத்தில் மற்ற கார் கம்பெனிகள் உற்பத்தியைக் குறைத்தபோது டொயோட்டா பல மாதம் தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அதுவும் குறைக்க வேண்டி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பனியன் கம்பெனிக்கு இதை எப்படிப் பெயர்ப்பது? ஸ்டோர் அறையில் பொருளை விலைப்படி வரிசைப்படுத்துவது வழக்கம்; விலை அதிகமான துணிக்கு மூன்று கையெழுத்து, லேபிளுக்கு ஒன்றுமில்லை. சப்ளை செயின் கண்ணோடு பார்த்தால் வரிசை வேறு மாதிரி விழும். ஒரு பொருள் வராவிட்டால் எத்தனை பீஸ் நிற்கும், அதைத் திரும்ப வரவழைக்க எத்தனை நாள் ஆகும், தரக்கூடியவர்கள் எத்தனை பேர்: இந்த மூன்றையும் கேட்டால் துணிக்குச் சமமாக வாஷ்கேர் லேபிளும் பார்கோடு ஸ்டிக்கரும் மேலே ஏறி உட்காரும். இரண்டு மாதத் துணியை வாங்கி அடுக்கினால் வங்கி வட்டியில் கம்பெனி முங்கிவிடும். மெயின் லேபிளை ஒரு சீசனுக்குச் சேர்த்து வாங்கி ஒரு பீரோவுக்குள் வைத்துவிடலாம். ஸ்டிக்கரை அப்படி முன்கூட்டி அடிக்க முடியாதென்பதால், அதற்கான கோப்பு வர வேண்டிய நாளை ஆர்டர் உறுதியாகும் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம். முதல் காட்சியில் கைகட்டி நின்ற மேனேஜருக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்திருக்கும்.

உறவு என்பதற்கும் திருப்பூரில் தெளிவான பொருள் உண்டு: பில் தொகை. இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் மெஷினைக் காலி செய்து தருகிற பட்டறைக்காரர், போன மாதப் பில்லைப் போன மாதமே வாங்கியவராக இருப்பார். சட்டமும் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும். கெடு தாண்டிய தொகையை, கொடுத்து முடிக்கும்வரை, வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது.

பத்து சதவீதம் சுழன்று வந்த கதை

தொழிற்சாலைக்குள் இன்று எத்தனை தைக்க வேண்டும் என்பது காலையிலேயே தெரியும். சங்கிலியின் கடைசி முனையில் இருப்பவருக்கு அது வதந்தி மாதிரி வந்து சேர்கிறது. ஒரு கடை வாரம் 100 டி-சர்ட் விற்கிறது. எப்போதும் இரண்டு வார விற்பனைக்கான 200-ஐ இருப்பில் வைத்திருக்கும். ஒரு வாரம் 110 விற்கிறது. விற்ற 110, இருப்பை 220 ஆக்க 20, ஆக 130 ஆர்டர் போடுகிறது. மொத்த வியாபாரிக்கும் இரண்டு வாரக் கொள்கைதான். அவருக்கு 130, இருப்பை 260 ஆக்க 60, ஆக 190 கேட்கிறார். தொழிற்சாலையும் அதே மாதிரி நூல் இருப்பை 380 ஆக்க நினைத்தால் 370 சட்டைக்கான நூலுக்கு ஆர்டர் போகும். கடையில் பத்து சதவீதம் கூடியது. நூல் மில்லில் அது மூன்றரை மடங்குக்கு மேல்.

அடுத்த வாரம் கடை அதே 110 விற்று 110 மட்டும் கேட்கிறது. மொத்த வியாபாரிக்கு இப்போது 220 இருப்பு போதும். கையில் 40 அதிகம். ஆகவே 70 போதும் என்கிறார். தொழிற்சாலையின் குடோனில் நூல் மலையாக நிற்கிறது. மில்லுக்கு ஆர்டரே இல்லை. கடையில் விற்பனை ஒரு பீஸ்கூடக் குறையவில்லை. சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பலமாக வீசும், அந்த மாதிரி. பிராக்டர் அண்ட் கேம்பிள் 1990-களில் தன் பேம்பர்ஸ் விஷயத்தில் இதைக் கண்டது. குழந்தைகள் நாப்கினை ஒரே சீராகத்தான் நனைக்கின்றன. ஆர்டர்கள் மட்டும் ஏறி இறங்கின.

திருப்பூர் இதை 2022-இல் தோலில் உணர்ந்தது. கொரோனா அடங்கியதும் மேலைநாட்டுக் கடைகள் ஆர்டரைக் கொட்டின. பஞ்சும் நூலும் விலை ஏறிக்கொண்டே போயின. பஞ்சு இறக்குமதி வரியை மத்திய அரசு ஏப்ரலில் நீக்கியும் விலை அடங்கவில்லை. மே 16, 17 தேதிகளில் நூல் விலையை எதிர்த்துத் திருப்பூர் கதவடைத்தது. அதற்கு மறுநாள், மே 18 அன்று, அமெரிக்காவின் டார்கெட் நிறுவனம் தன் காலாண்டுக் கணக்கை வெளியிட்டது: சரக்கு இருப்பு முந்தைய ஆண்டைவிட 43 சதவீதம் அதிகம். ஜூனில் ஆர்டர்களை ரத்து செய்யப்போவதாகவும் தேங்கியதைத் தள்ளுபடியில் விற்கப்போவதாகவும் அறிவித்தது. இங்கே உச்ச விலையில் நூல் வாங்கப் போராட்டம்; அங்கே சட்டைகளை எங்கே வைப்பது என்ற கவலை.

பெரிய பையர்களில் பலர் பங்குச்சந்தையில் இருப்பவர்கள். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை அவர்கள் இருப்புக் கணக்கைப் பொதுவில் வைத்தாக வேண்டும். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விற்பனை ஐந்து சதவீதம் கூடி, இருப்பு முப்பது சதவீதம் கூடியிருந்தால் அடுத்த சீசன் ஆர்டர் என்ன ஆகும் என்று ஊகிக்க எம்பிஏ வேண்டியதில்லை. மெர்ச்சண்டைசர் பையரிடம் 'ஆர்டர் எப்போ?' என்று கேட்கும் அதே மெயிலில் 'போன ஸ்டைல் கடையில் எப்படிப் போகிறது, இன்னும் எத்தனை வாரச் சரக்கு இருக்கிறது?' என்றும் கேட்கலாம். பதில் சொல்கிற பையர்களும் இருக்கிறார்கள்.

வாங்குகிறவரும் சங்கிலியில் ஒரு கண்ணிதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, சாயத்துக்கு இரண்டு பட்டறை, நூலுக்கு மூன்று மில் என்று வைத்திருந்த கம்பெனிகளிலும் சில, ஒரே நாட்டுக்கு மட்டும் தைத்துக்கொண்டிருந்தன.

கப்பல் ஏறிய பிறகு

மாலையில் திருப்பூரில் ஏற்றிய லாரி விடிவதற்குள் தூத்துக்குடிக்குப் போய்விடும். அங்கிருந்து சிறு கப்பலில் கொழும்பு; கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி சூயஸ் வழியாக ஐரோப்பா. ஐரோப்பிய ஆர்டர்களில் பெரும்பகுதி 2023 வரை போன வழி இது. எஃப்ஓபி விலையில் விற்பவர்களுக்குக் கன்டெய்னர் கப்பலில் ஏறியதும் பொறுப்பு முடிகிறது. கப்பல் வாடகை பையர் கணக்கு. காகிதத்தில் அப்படித்தான்.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது ஏமனின் ஹூத்தி படையினரின் தாக்குதல் தொடங்கியது. டிசம்பரில் பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸைத் தவிர்த்து, தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கின. பயணம் சுமார் இரண்டு வாரம் நீண்டது. திருப்பூரில் ஒரு தையல்கூடத் தவறவில்லை. வாடகையும் பையர்தான் கொடுத்தார். ஆனால் கடையில் சட்டை தொங்க வேண்டிய நாளை அவர் மாற்றவில்லை. கப்பல் கட்-ஆஃபை முன்னால் இழுத்தார். நூல் முதல் பெட்டி வரை எட்டுப் பேருக்கும் கொடுத்திருந்த நாள்களிலிருந்துதான் அந்த இரண்டு வாரம் வெட்டப்பட்டது. முன்னால் இழுக்க முடியாதவர்கள் விமானத்தில் அனுப்பினார்கள்.

பணமும் அதே கப்பலில்தான் பயணம் செய்கிறது. சரக்கு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அறுபது நாள், தொண்ணூறு நாள் என்று கணக்கு வைக்கும் பையரிடம், கப்பல் சுற்றினால் பணமும் சுற்றும். ஆர்டர் பேசும்போதே கெடுவைக் கப்பல் ரசீதான பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து எண்ணும்படி எழுதி வாங்கினால் அந்தச் சுமை பையர் பக்கம் நகரும். அது நடக்காத இடத்தில் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி என்ற வரிசைக்குக் கீழே இரண்டு வார வட்டிக்கும் ஒரு வரி சேர்த்தாக வேண்டும். கன்டெய்னர் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த நாள்களுக்குள் திருப்பூரில் இரண்டு சனிக்கிழமைகள் வந்துபோகும். இரண்டு சனிக்கிழமையும் சாயந்திரம் டெய்லர்களுக்குச் சம்பளக் கவர் தயாராக இருக்க வேண்டும்.